பாலைவழியும் பருகுநீரும்

சங்க மலரில் கணினி விளையாட்டைப் பற்றித் திறனாய்வா என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் சிலர் இருக்கக்கூடும். அவர்தம் ஐயம் முறையற்றது அன்று. கதையும் கவிதையும் நாடகமுமே ஆய்வுக்குரியன என்று பழகிவிட்ட நமக்கு, வீட்டுப் பிள்ளைகள் திரைமுன் அமர்ந்து பொத்தான்களை அழுத்திக் களிக்கும் ஒன்றில் ஆய்வதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் ஒரு படைப்பை நுகர்வோர் இரு அணியாகப் பிரிந்து நின்று, ஆண்டுக்கணக்கில் காரணம் காட்டி வாதிடுவாராயின், அவ்வாதத்தைச் செவிமடுத்து எடைபோடுவது திறனாய்வின் வேலையே. அவர்கள் பேசும் மொழி பண்டித மொழியாக இல்லாதிருக்கலாம். பேசும் பொருள் நமக்குப் புதியது அன்று. ஒரு படைப்பில் துன்பத்துக்கு இடம் எது, அளவு எது என்பதே அவ்வாதத்தின் உள்ளீடு.

நாம் எடுத்துக்கொண்ட ஆட்டம் ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ என்பது. 2010ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளிவந்தது. கலிபோர்னியாவில் உள்ள அப்சிடியன் நிறுவனம் ஆக்க, பெதஸ்டா நிறுவனம் வெளியிட்டது. ஆக்கத்தை நெறிப்படுத்தியவர் ஜாஷ் சாயர். ‘ஓப்பன் வேர்ல்டு’ என்று வழங்கும் திறந்தவெளி ஆட்ட வகையைச் சேர்ந்தது இது. அஃதாவது, ஆக்கியோன் வகுத்த ஒரே தடத்தில் செல்லாமல், பரந்ததொரு நிலப்பரப்பில் ஆடுநர் தாம் விரும்பிய திசையில் நடந்து, எதிர்ப்படும் மாந்தரோடு பேசி, பகைத்து, நட்டு, கதையைத் தாமே கூட்டிச் செல்லும் வகை.

கதைக்களம் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனம். 2077இல் நிகழ்ந்ததாகக் கற்பித்த ஓர் அணுப்போரில் உலகம் அழிந்து, இருநூறு ஆண்டுகட்கு மேல் கழிந்தபின், 2281இல் கதை தொடங்குகிறது. ஒரு பொதியைக் கொண்டு சேர்க்கப் புறப்பட்ட கூரியர் ஒருவர் வழியில் தலையிற் சுடப்பட்டுக் குழியில் இடப்படுகிறார். மீட்கப்பட்டு, ஒரு சிற்றூர் மருத்துவர் இல்லத்தில் கண்விழிக்கிறார். அவரே நாம். அச்சிற்றூரின் பெயர் குட்ஸ்பிரிங்ஸ். நல்லூற்று என்று நாம் பெயர்க்கலாம். நெவாடா மாநிலத்தில் இப்பெயரில் உண்மையிலேயே ஓர் ஊர் உண்டு. பாலைக்கதை ஒன்று ஊற்றின் பெயருடைய ஊரில் தொடங்குவதைத் தற்செயல் என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

மருத்துவர் இல்லத்தை விட்டு வெளியேறுங்கால் ஆட்டம் ஒரு வினாத் தொடுக்கிறது: ‘ஹார்ட்கோர்’ முறையில் ஆட விருப்பமா? இதனைக் கடுநெறி என்று நாம் ஈண்டு குறிப்போம். உடன்பட்டால் நிகழும் மாற்றங்கள் ஒருசில. பசி, நீர்வேட்கை, உறக்கமின்மை என மூன்று எண்கள் ஏறத் தொடங்கும். ஒவ்வொன்றும் 200ஐத் தொட்டால் உடல் தளரும். 1000ஐத் தொட்டால் உயிர் போகும். தோட்டாக்களுக்கு எடை உண்டு. ‘ஸ்டிம்பேக்’ என்னும் ஊசி காயத்தை நொடியில் ஆற்றாது, மெல்ல மெல்லவே ஆற்றும். முறிந்த கைகால்களுக்கு மருத்துவரோ மருத்துவப் பையோ வேண்டும். வெறும் உறக்கம் போதாது. உடன்வரும் வழித்துணைவர் வீழ்ந்தால் மயங்கி எழமாட்டார், இறந்தேபோவார். இவ்வளவே. வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் இந்நெறியை நிறுத்திவிடலாம். ஆனால் தொடக்கம் முதல் இறுதிவரை நிறுத்தாமல் ஆடியோர்க்கு மட்டும் ஒரு பாராட்டுச் சின்னம் கிட்டும்.

இதனைப் போற்றுவோர் கூறுவது யாது? கடுநெறி இன்றி ஆடுங்கால் மொஹாவி ஒரு பின்னணித் திரை. மணலும் முட்புதரும் தீட்டிய படுதா. கடுநெறியில் அது நிலமாகிறது. அடுத்த ஊர் எத்துணைத் தொலைவு, அங்கே கிணறு உண்டா, இரவு தங்கப் படுக்கை உண்டா என்று எண்ணிக் கால்வைக்க வேண்டியிருக்கிறது. குட்ஸ்பிரிங்ஸிலிருந்து வேகஸ் நகருக்கு வடக்கே நேர்வழி உண்டு. ஆனால் கொடிய உயிரினங்கள் அதனை மறித்து நிற்பதால் பெரும்பாலோர் தெற்கே இறங்கி, பிரிம், நிப்டன், நோவாக், போல்டர் நகரம் என்று பெருவளையம் சுற்றியே செல்வர். அச்சுற்றுவழியில் நோவாக் என்னும் ஊரில் ஒரு பழைய தங்கும் விடுதி. அதன் முகப்பில் ஒரு பேருருவப் பல்லிச் சிலை. இடமில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த விளக்குப் பலகையில் எழுத்துகள் சில உதிர்ந்து எஞ்சியதே அவ்வூரின் பெயர் என்பது வேடிக்கை. எளியநெறியில் ஆடுவோர்க்கு அச்சிலை ஒரு நகைப்பு. கடுநெறியில் ஆடுவோர் தொலைவில் அப்பல்லியின் தலையைக் கண்டவுடன் ‘படுக்கை வந்தது’ என்று மூச்சுவிடுவர். ஒரே சிலை, இருவேறு பொருள்.

இனி மறுப்போர் கூற்று. அவர்களிலும் இருவகையினர் உண்டு. முதல்வகையினர் இது மிகை என்பர். இவ்வாட்டத்தின் சிறப்பு அதன் உரையாடலிலும், ஒவ்வொரு முடிவும் பின்விளைவைத் தரும் கதைப்பின்னலிலும் இருக்கிறது. அதனைச் சுவைக்க வந்தவரை மணிக்கொருமுறை நீரருந்தச் சொல்வது, நாடகம் பார்க்க வந்தவரை இடையிடையே எழுப்பி நுழைவுச்சீட்டைக் காட்டச் சொல்வது போன்றது என்பது அவர் வாதம். இரண்டாம் வகையினர் இது போதாது என்பர். அவர் வாதமே நமக்கு வலியதாகத் தோன்றுகிறது. ஏனெனில் இம்மொஹாவியில் நீருக்குப் பஞ்சம் இல்லை. ஊற்றுகள் உள, பெயர்பெற்ற மீட் ஏரியின் நீரோ கதிர்வீச்சு நஞ்சும் இல்லாதது. இரண்டு மூன்று நாள் நடந்த ஆடுநரின் பையில் உணவும் புட்டிகளும் நிறைந்துவிடுகின்றன. அதன்பின் நீர்வேட்கை என்பது வேட்கை அன்று, கணக்கு. எண் ஏறுகிறது, பொத்தானை அழுத்துகிறோம், எண் இறங்குகிறது. ஆட்டத்தில் காலம் முப்பது மடங்கு விரைந்தோடுவதால், நாம் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்கையில் அங்கே முப்பது மணி கழிகிறது. ஆகவே அக்கணக்கை அடிக்கடி எழுதவேண்டியதாயிற்று. நாவறட்சியை உணர்த்த வந்தது, நாட்குறிப்பு எழுதும் குமாஸ்தா வேலையாகச் சுருங்கிவிட்டது என்னும் இக்குறையை நாம் முற்றிலும் ஏற்கிறோம். ஆக்கியோரும் ஓரளவு இதனை உணர்ந்திருந்தார் போலும். சாயர் 2011இல் தம் பெயரால் தனியே வெளியிட்ட திருத்தத்தில், மூன்று எண்களும் முன்னினும் விரைந்தேறும். ஒருவர் சுமக்கக்கூடிய அடிப்படை எடை 150இலிருந்து 50ஆகக் குறைக்கப்பட்டது.

அவ்விரண்டாவது திருத்தத்தில்தான் உண்மை இருக்கிறது என்று கருதுகிறோம். கடுநெறியின் உயிர் தாகத்தில் இல்லை, சுமையில் இருக்கிறது. ஆடுவோர் பலரும் தோட்டாவின் எடையைச் சிறுவிதியாக எண்ணிக் கடந்துபோகின்றனர். நமக்கோ அதுவே தலைவிதியாகப்பட்டது. எளியநெறியில் ஆடுநர் பத்துப் படைக்கலங்களுக்கும் பல்லாயிரம் தோட்டாக்களைச் சுமந்து திரிவார், எதையும் விடவேண்டியதில்லை. கடுநெறியில் புறப்படுமுன் நின்று எண்ண வேண்டும்: எறிகணைகளைக் கொண்டால் நீர்ப்புட்டியை விடவேண்டும், இரண்டையும் கொண்டால் வழியில் கிடைப்பதை எடுத்துவர இடமிராது. தாகம் நம்மை ஒன்று செய்யச் சொல்கிறது. சுமை நம்மை ஒன்றை விடச் சொல்கிறது. விடுவதில்தான் ஒருவரின் இயல்பு வெளிப்படும். கதை என்பது அங்கேதான் பிறக்கும். நம் சங்கத்து மூத்தோர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. கூஜாவும் கட்டுச்சோறும் ஒரு தகரப்பெட்டியுமாகச் சென்னையில் ரயிலேறி இரண்டு இரவு கழித்து வடபுலத்தில் இறங்கியவர்கள், பெட்டியில் எது ஏறியது, எது ஊரிலேயே நின்றது என்பதை இன்றளவும் வரிசை பிறழாது சொல்வார்கள்.

பாலை பற்றிய நம் மரபுக் கொள்கையும் ஈண்டு ஒருவாறு துணைசெய்யும். பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. பிற நிலங்கள் தம் இயல்பு கெட்ட நிலையே பாலை என்பதும், பிரிவே அதன் உரிப்பொருள் என்பதும் நாம் அறிந்தவை. நம் புலவர் பாலையின் வெம்மையை விரித்துரைப்பது வெம்மைக்காக அன்று. அவ்வழியே செல்லும் ஒருவனையும் அவனை எண்ணி இல்லத்திருக்கும் ஒருத்தியையும் காட்டுதற்கே. அவ்வளவுகோலை அயல்நாட்டு ஆட்டத்தின்மேல் வைத்து அளப்பது முழுப்பொருத்தம் ஆகாது என்பதை அறிவோம். ஆயினும் ஒரு வினாவை அது கூர்மையாக்கித் தருகிறது: இவ்வாட்டத்தில் வெம்மை எதைக் காட்டுதற்கு?

வழித்துணைவரின் இறப்பு என்னும் விதி அவ்வினாவுக்கு ஒரு விடைதர முயன்று இடறுகிறது. அன்புக்குரிய துணைவர் ஒருவர் மாண்டால் அவரோடு அவர் கதையும் முடியும். எனவே அவரைக் காத்து நடப்போம் என்பது ஆக்கியோர் கருத்து. நடப்பதோ வேறு. துணைவர் அறிவின்றிப் பகைவர் நடுவே ஓடிப் பாய்கிறார் என்பதே ஆடுவோரின் நெடுநாள் முறையீடு. தம் பிழையால் நிகழாத இறப்புக்கு எவரும் வருந்துவதில்லை, சினக்கின்றனர். சினந்து, முன்னர்ச் செய்துவைத்த சேவிலிருந்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கிவிடுகின்றனர். இறந்தவர் எழுந்துவிடுகிறார்! வேறு சிலர் துணைவரைப் பாதுகாப்பான ஓர் இல்லத்தில் இருத்திவிட்டுத் தனியே நடப்பர். உறவை ஆழமாக்க வகுத்த விதி உறவையே அகற்றிவிட்ட முரண் இது.

சேவ் செய்து மீளலாம் என்றிருக்கும்வரை எந்தக் கடுமையும் கடுமையன்று என்பதை அடுத்த ஆட்டத்தின் ஆக்கியோர் கண்டனர். ‘ஃபால்அவுட் 4’ 2015 நவம்பரில் பெதஸ்டாவின் சொந்த ஆக்கமாக வந்தது. களம் பாஸ்டன் நகரும் சுற்றுப்புறமும். 2016இல் அதன் ‘சர்வைவல்’ முறை புதிதாக்கப்பட்டது. அதில் இரண்டு விதிகள் முதன்மையானவை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நொடியில் தாவும் வசதி இல்லை. உறங்கினாலொழிய ஆட்டத்தைப் பதிவு செய்யவும் இயலாது.

முதல் விதியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஒரே ஆணையால் அது தொலைவு என்பதை மீட்டுக்கொடுத்தது. முன்னர் வெறும் பொழுதுபோக்காகக் கிடந்த குடியிருப்பு கட்டும் பகுதி இப்போது உயிர்பெற்றது என்று ஆடுவோர் பலரும் ஒருமுகமாகக் கூறுவர். வழிநெடுகப் படுக்கையும் நீரிறைக்கும் பொறியும் அமைத்த சிற்றிடங்களை அவர்களே நிறுவிக்கொள்கின்றனர். சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் சுமைதாங்கியும் நெடுவழிகளில் ஏன் எழுந்தன என்று வரலாற்று ஆசிரியர் ஒருமாதம் கற்பிப்பதை அவ்விதி ஓரிரவில் கற்பித்துவிடும். அதே ஆட்டத்தில் புகுத்திய நோய்களைப் பற்றி இவ்வாறு கூற இயலவில்லை. அவை நடத்தையின் விளைவாக அன்றிப் பெரும்பாலும் தற்செயலாகத் தாக்குவன போல் தோன்றுதலின், கதைக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை.

இரண்டாம் விதியிலேதான் சிக்கல். இங்கே நாம் நம் வாசகரின் இல்லங்களை நினைத்துப் பேசுகிறோம். இரண்டு அறைகளுக்குள் ஐவர் வாழும் மும்பைக் குடியிருப்பில், ஒரே மேசையில் ஒரே கணினி. தம்பிக்கு ஒரு மணி, அக்காவுக்கு ஒரு மணி என்று முறைவைத்த ஏற்பாடு. பாஸ்டன் இடிபாடுகளுக்குள் படுக்கை தேடி அலையும் பிள்ளையை அம்மா சாப்பிட அழைக்கிறார். ‘இரும்மா, இன்னும் படுக்கவில்லை’ என்று விடைவருகிறது. அதன் பொருள் விளங்காமல் அம்மா இருமடங்கு சினங்கொள்கிறார்! நகைப்புக்குரியதாயினும் இதனுள் ஒரு நீதி வழக்கு இருக்கிறது. மின்சாரம் நின்றால், ஆட்டம் தானே தடுமாறி நின்றுபோனால், ஒரு மணி நேர உழைப்பு வீண். வேலைமுடித்து இரவில் ஐம்பது நிமிடம் மட்டும் கிடைக்கப்பெற்ற ஒருவர் அவ்வைம்பதையும் இழப்பார். பாத்திரம் படவேண்டிய துன்பத்தை ஆடுநரின் வாழ்நாள்மேல் ஏற்றுவதாயிற்று இது. கூரியர் தாகத்தால் தளர்வது கலை. ஆடுபவர் வீட்டில் மின்தடையால் தளர்வது கலை அன்று. இம்முறையீடு எழுந்தபின், விலகிச் செல்லுங்கால் தற்காலிகப் பதிவு ஒன்று நிகழுமாறு பின்னர் மாற்றினர். முன்பே செய்திருக்கலாம்.

இவ்விடத்தில் போற்றுவோர் அணியில் சிலரைக் கடிந்துரைக்கவும் வேண்டியுள்ளது. கடுநெறியில் ஆடாதார் ஆடியவரே அல்லர் என்னும் செருக்கு அவரிடையே உண்டு. இச்செருக்கு நமக்குப் புதிதா? உரையின் துணையின்றிப் பழம்பாட்டைப் படிக்கமாட்டாதவனை இலக்கியம் அறியாதவன் என்று ஒதுக்கிய புலமையை நாம் கண்டதில்லையா? தில்லியிலும் கொல்கத்தாவிலும் பிறந்து, தமிழைப் பேசவறிந்து எழுத்துக்கூட்டியே படிக்கும் நம் பிள்ளைகளிடம், எளிமைப்படுத்திய பதிப்பைக் கையில் வைத்திருந்ததற்காக ஏளனம் செய்த பெரியவர்களை நம் சங்கக் கூட்டங்களிலேயே கண்டதுண்டு. கடினம் ஒரு சுவை, தகுதிச்சான்று அன்று. மருத்துவர் வாயிலில் ‘விருப்பமா’ என்று வினவி, மறுத்தாரையும் அதே கதைக்குள் அனுப்பும் நியூ வேகஸின் பண்பு இவ்வகையில் பெரிது.

பிற ஆட்டங்களைப் பற்றி ஓரிரு சொல். 1403ஆம் ஆண்டின் பொஹீமிய நாட்டைக் களமாகக் கொண்ட ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ 2018இல் வந்தது, அவ்வாண்டிலேயே அதற்கும் ஒரு கடுநெறி சேர்ந்தது. அதில் வரைபடம் உண்டு, ஆனால் வரைபடத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்னும் குறி இல்லை. கதிரவன் சாயும் திசையும் ஆற்றின் வளைவும் பார்த்தே வழியறிய வேண்டும். எண்ணேதும் ஏறாமல், ஒரு குறியை நீக்கியதாலேயே நிலத்தைக் கண்திறந்து நோக்கவைத்த அச்சிக்கனம் நமக்கு மிக உவப்பானது. ‘ஸ்கைரிம்’ என்னும் வடபுல ஆட்டத்திற்கு 2017இல் சேர்த்த குளிரைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை.

மீண்டும் மொஹாவிக்கு வருவோம். வெம்மை எதைக் காட்டுதற்கு என்ற வினா நிற்கிறது. இவ்வாட்டத்தின் பெருங்கதை ஹூவர் அணையைக் கைப்பற்றும் போர். கொலராடோ ஆற்றின் குறுக்கே 1936இல் கட்டிமுடித்த அவ்வணையின் நீருக்கும் மின்சாரத்துக்குமாகவே குடியரசுப் படையும் சீசரின் படையும் மோதுகின்றன. கடுநெறியில் ஆடுபவர்க்கு அப்போர் வெறும் கொடிகளின் போராக இராது. தம் பையிலுள்ள புட்டிக்கும் அதற்கும் தொடர்புண்டு என்பது ஆட்டம் எடுத்துரையாமலேயே புலப்படும். கிளைக்கதை ஒன்று இதனை இன்னும் நெருங்கிக் காட்டுகிறது. குடியரசின் பண்ணைகளில் பயிரிடும் குடியானவர்களுக்கு நீர் குறைந்துகொண்டே வருகிறது. ஆராயப் போன படைவீரன் ஒருவனைக் காணவில்லை. தேடிச் சென்றால், வெஸ்ட்சைடு என்னும் ஏழைச்சேரியின் கூட்டுப்பண்ணைக்கு அந்நீர் மறைவாகத் திருப்பப்பட்டிருப்பதும், அதனைக் கண்டறிந்த வீரன் கொல்லப்பட்டதும் தெரியவருகின்றன. கொன்றவர் கொடியவர் அல்லர். சேரிமக்கள் வாழவேண்டும் என்று உழைப்பவர். காட்டிக்கொடுப்பதா, பொய்சொல்லி மறைப்பதா என்பது நம் கையில்.

எளியநெறியில் ஒருமுறையும் கடுநெறியில் ஒருமுறையும் இக்கிளைக்கதையை ஆடினோம். இரண்டிலும் உரையாடல் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. முதன்முறை கொலைக்குற்றத்தைப் பெரிதாக எண்ணி உடனே காட்டிக்கொடுத்தோம். இரண்டாம் முறை, வழியில் கலங்கல் நீரைக் குடித்துக் கதிர்நஞ்சு ஏறிய உடம்போடு அப்பண்ணைக்குள் நுழைந்தபோது, காய்கறிப் பாத்தியில் ஓடிய வாய்க்காலைப் பார்த்து நெடுநேரம் நின்றோம். பின் மறைத்தோம். எது சரி என்று இன்றும் துணியவில்லை.

ஆயினும் ஒரு குறை சொல்லாமல் விடுவதற்கில்லை. 2008இல் வந்த ‘ஃபால்அவுட் 3’ ஆட்டத்தில் மெகாடன் என்னும் ஊரின் வாயிலில் ஓர் இரவலன் கிடப்பான். அவன் கேட்பது காசு அன்று. தூயநீர் ஒரு புட்டி. அவ்வாட்டத்தில் ஆடுநருக்குத் தாகமே கிடையாது. ஆதலின் கொடுப்பதில் இழப்பும் இல்லை. நியூ வேகஸின் கடுநெறியில் நமக்குத் தாகம் உண்டு, சுமக்கும் புட்டிக்கு எடையும் உண்டு. நாம் நடந்த அளவில் அந்த மொஹாவியில் எவரும் நம்மிடம் வந்து கையேந்தி நீர் கேட்கவில்லை.